செவ்வாய்க்கிழமை கே.வி.குப்பம், நடுவில் ஒரு போன்

லத்தேரி தம்பி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முழுநேர ஊழியன் இல்லை. பகலில் காட்பாடியில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையிலிருந்து நான்கு பேர், இரண்டு பைக், மூன்று வருடமாக வேலூர்ப் பக்கம் கே.வி.குப்பத்துக்கு உள்ளே இருக்கிற கிராமங்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்தப் போய்வருகிறோம். செவ்வாய் ஒரு ஊர், வியாழன் ஒரு ஊர், சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்கு வகுப்பு. பெரும்பாலும் பீடி சுற்றுகிற வீடுகள். ஆறரைக்கு முன்னால் போனால் யாரும் முறத்தை மடியிலிருந்து இறக்க மாட்டார்கள், ஏழரைக்கு மேல் போனால் சீரியல் ஆரம்பித்துவிடும், நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் பாதி வழி போயாகிவிட்டது, எங்கள் டீமில் மூத்தவருக்கு ஒரு போன். (அவரை அண்ணன் என்றே சொல்கிறேன்.) வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜில் தங்கியிருக்கிற ஜார்க்கண்ட் பையன் ஒருவன். அண்ணனுக்கு அவனை எப்படித் தெரியும் என்றால், போன வாரம் டீக்கடையில் இந்தியில் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார், அவ்வளவுதான். அவனுடைய மனைவி ஐ.சி.யு.வில், ரத்தம் வேண்டும், அவனுக்கு இந்த ஊரில் வேறு ஒரு நம்பரும் தெரியாது. அண்ணன் பைக்கைத் திருப்பிவிட்டார். "ஆவியானவர் வழியை மாற்றுகிறார், வா" என்றார். நான்கு பேரும் போனோம். எங்களில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். ராத்திரி பதினொன்றுக்கு அந்தப் பையன் லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேன்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கிராமத்தில் எட்டுப் பேர் புளியமரத்தடியில் எங்களுக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரு ஆயா, பேரனுக்குப் பிறந்தநாள் என்று கேசரி கிளறி வைத்திருந்தார். எங்களில் ஒருவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வாரம் போனபோது ஆயா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே சொன்னார்: "வர்றதுன்னா வாங்க, இல்லன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நாங்க இன்னா வேலவெட்டி இல்லாமயா குந்திக்கினு கீறோம்?"

அண்ணனிடம் சொன்னால், "ஊழியம் என்ன டவுன் பஸ்ஸா, டைமுக்கு ஓட?" என்கிறார். சபைக் கமிட்டியோ மாதம் பிறந்தால் எத்தனை கிராமம், எத்தனை வீடு என்று ரிப்போர்ட் கேட்கிறது. நான் இயல்பிலேயே நோட்டுப் போட்டு வேலை செய்கிற ஆள். அண்ணனோடு போனால் எங்கே போவோம் என்று தெரியாது, ஆனால் ஏதாவது ஒன்று நடக்கும். என் நோட்டுப்படி போனால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், சில நாள் ஒன்றுமே நடக்காது. உங்களில் பல வருடம் ஊழியத்தில் இருக்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

—

காட்பாடி ஜங்ஷன்:

பிரதர், முதலில் உங்கள் அண்ணனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

நான் ஒரு மிஷனில் (பெயர் வேண்டாம்) வடக்கே ஆறு வருடம் பணித்தளத்தில் இருந்தேன். மாதக் கடைசியில் ஒரு படிவம் வரும். கொடுத்த கைப்பிரதி எத்தனை, சந்தித்த வீடு எத்தனை, ஜெபக்கூட்டம் எத்தனை, ஒப்புக்கொடுத்தவர் எத்தனை. முதல் வருடம் உண்மையாக நிரப்பினேன். இரண்டாம் வருடம், எண்ணிக்கை வருகிற வீடுகளுக்கு மட்டும் போக ஆரம்பித்தேன், அதாவது கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கிற அதே பன்னிரண்டு வீடு. மூன்றாம் வருடம் நோட்டு அழகாக இருந்தது, எனக்குத்தான் உள்ளே ஒன்றும் இல்லை. ஒழுங்கு ஒழுங்கு என்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே கிடையாது.

ஒரு நாள் காலையில் ஜெபக்கூட்டத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன், வழியில் ஒரு கிணற்றைச் சுற்றி ஒரே சத்தம். ஆடு விழுந்திருக்கிறது. கூட்டத்தில் நீச்சல் தெரிந்தவன் நான் ஒருவன்தான் (நான் பாலாற்றங்கரைக்காரன், ஆற்றில் தண்ணீர் ஓடின காலத்தில் நீச்சல் கற்றவன், இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்). வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, ஆட்டைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினேன். கூட்டம் போச்சு. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு "ஆட்டுக்காரர்" என்று பெயர், ஒன்றரை வருடம் வாசலில் நிற்கவிட்ட வீடுகளில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். அந்த மாதப் படிவத்தில் ஆட்டுக்குப் பத்தி இல்லை. "வீடு சந்திப்பு: 1" என்று எழுதினேன்.

ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று ஆண்டவரே பரிசேயரைக் கேட்டார். பக்கத்து ஊரில் சி.எம்.சி.யை ஆரம்பித்த நம்முடைய ஐடா ஸ்கடர் அம்மா கதையும் அதுதானே? அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், பிரசவத்தில் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள், அவருடைய பிளான் மொத்தமும் மாறியது. அந்த மூன்று தட்டல்கள் யாருடைய டைம்டேபிளில் இருந்தன?

—

பழைய நர்ஸ்:

தம்பி லத்தேரி, நான் கரிகிரிப் பக்கம் தொழுநோய் வந்தவர்களோடு வேலை செய்து ரிட்டயர் ஆனவள். கம்ப்யூட்டரில் தட்டத் தெரியாது, பேத்தி தட்டுகிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஜங்ஷன் தம்பி சொன்ன மூன்று தட்டலை எங்களுக்கும் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை யாரும் பிரசங்கத்தில் சொல்லுவது இல்லை, ஏனென்றால் அதில் கதை இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த அம்மா போய் மருத்துவம் படித்தார், 1899-ல் பட்டம் வாங்கினார், 1900-ல் இங்கே வந்து ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஒரு ராத்திரி தட்டினதற்கு அறுபது வருடம் எழுந்து எழுந்து பதில் சொல்லியிருக்கிறார். தட்டினது எதிர்பாராதது, சரி. பதில் அப்படி இல்லையே.

ரோட்சைட் என்று ஒன்று இருந்தது, உங்கள் வயதுக்குத் தெரியுமோ என்னவோ. குடியாத்தம் ரோட்டில் முதலில் மாட்டு வண்டியில் போனார்கள், அப்புறம் பூஷோ கார் ஒன்று வந்தது. வழியில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்ப்பது. வாரத்தில் இன்ன நாள் வண்டி வரும், இன்ன மரத்தடியில் நிற்கும் என்று ஊருக்குத் தெரியும். அதனால்தான் ஜனங்கள் விடியற்காலையிலேயே நடக்க ஆரம்பித்தார்கள், கண் தெரியாதவர்களைக் கைபிடித்து, புண் வந்தவர்களை வண்டியில் போட்டு. அந்த டாக்டரம்மாவுக்குத் தோன்றின நாளில் வருவார், தோன்றின மரத்தில் நிற்பார் என்றால் யார் நடந்திருப்பார்கள்? சொல்லு. மரத்தடியில் என்ன வியாதி வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. மரம் மட்டும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தொழுநோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது மருந்து இல்லை, தினமும் காலைத் தண்ணீரில் ஊறவை, தடித்த தோலைத் தேய்த்து எடு, எண்ணெய் தடவு, பாதத்தைத் திருப்பிப் பார் என்பதுதான். உனக்கும் எனக்கும் முள் குத்தினால் வலி சொல்லும், உடனே உட்கார்ந்து எடுப்போம். அவர்களுக்கு வலி வராது. வலிக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விரலே போய்விடும். அதனால் தோன்றுகிறதோ தோன்றவில்லையோ, தினமும் அந்த நேரத்துக்குப் பார்க்கவேண்டும். ஐ.சி.யு. என்றால் உங்கள் எல்லோருக்கும் உடனே வலித்தது, ஓடினீர்கள், நல்லது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆயாவை நினைத்து யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்காத இடத்துக்குத்தான் கண்ணு கிழமையும் மணியும்.

—

சபை வீட்டம்மா:

எல்லோரும் கிராமத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு போதகரின் மனைவி, ஊர் பெயர் சொல்ல மாட்டேன்.

திடீரென்று வருகிற அழைப்புக்கெல்லாம் அவர் ஓடுவார், நல்ல மனுஷன், இல்லை என்று சொல்லத் தெரியாது. அவர் ஓடும்போது அந்த நேரத்தில் நடக்கவேண்டியிருந்த வேலை எங்கே போகும் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? என்னிடம் வரும். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்த பூசணிக்காயை எண்ணுவது நான், ஓய்வுநாள் பள்ளி நடத்துவது நான், "ஐயா இல்லையாம்மா?" என்று வந்து நிற்பவர்களை உட்காரவைத்து மோர் கொடுப்பது நான். அவருடைய திடீர் ஊழியம் என்னுடைய தினசரி வேலையின்மேல் நின்றுகொண்டிருக்கிறது. ஆண் ஊழியர்கள் "ஆவியானவர் நடத்தினார்" என்று சாட்சி சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். அந்தச் சாயங்காலம் பால் வாங்கவும் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கவும் ஆவியானவர் யாரை நடத்தினார்?

அப்போஸ்தலருக்கே இந்தப் பிரச்சினை வந்தது. விதவைகளுக்குத் தினசரி சாப்பாடு விட்டுப்போகிறது என்று முறுமுறுப்பு வந்தபோது, நாங்கள் பெரிய வேலையில் இருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். தம்பி, உங்களில் நான்கு பேர் இருக்கிறீர்கள், இரண்டு பைக் இருக்கிறது. ரத்தம் கொடுத்தது இரண்டு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள்?

—

லத்தேரி தம்பி:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற இரண்டு பேர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் நான். போன மாதம்தான் கொடுத்திருந்தேன், அதனால் என்னிடம் எடுக்கவில்லை.

—

ஞாயிறு வாத்தியார்:

நல்ல திரி. ஒரு சின்ன விஷயம் மட்டும்.

திடீர் நடத்துதலுக்கு எல்லோரும் காட்டுவது பவுல் துரோவாவில் கண்ட தரிசனத்தை. ஆசியாவுக்குப் போக விடவில்லை, பித்தினியாவுக்குப் போக விடவில்லை, ராத்திரியில் ஒரு மக்கெதோனியன் நின்று வா என்கிறான், உடனே கிளம்புகிறார்கள். இதுவரைக்கும் ஜங்ஷன் பிரதர் பக்கம். ஆனால் மக்கெதோனியாவில் பிலிப்பி பட்டணத்தில் போய் இறங்கினால் அந்த மக்கெதோனியனைக் காணோம்! சில நாள் சும்மா இருக்கிறார்கள். அப்புறம் ஓய்வுநாள் வருகிறது. வழக்கமாக ஜெபம் நடக்கிற ஆற்றங்கரைக்குப் போகிறார்கள், அங்கே கூடியிருந்த பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள், லீதியாள் கிடைக்கிறாள். தரிசனம் ஊர் வரைக்கும் கொண்டுவந்து விட்டது, ஆளைக் காட்டினது வாராந்தர ஜெபக்கூட்டம். பேதுருவும் யோவானும்கூட ஒன்பதாம் மணி ஜெபத்துக்கு வழக்கம்போல் ஆலயத்துக்குப் போகிற வழியில்தான் அந்தச் சப்பாணியைப் பார்த்தார்கள்.

அதே நேரம், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஆண்டவரும் போகவில்லை. கப்பர்நகூமில் காலை இருட்டோடு எழுந்து தனியே ஜெபம் பண்ணப் போய்விட்டார். சீஷர்கள் தேடிப் பிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார்கள். தேடினவர்களில் எத்தனை நோயாளிகளோ. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். உங்கள் அண்ணனுக்கு இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்.

—

காட்பாடி ஜங்ஷன்:

வாத்தியாரே, யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகிற வழியில் நின்று, என்னைத் தொட்டது யார் என்று கேட்டவரும் அவர்தானே. யவீருவுக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும்? பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள், இவர் பன்னிரண்டு வருட நோய்க்காரியிடம் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நர்ஸ் அம்மா சொன்ன கால் ஊறவைக்கிற விஷயம் என்னை விடவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் படிவத்தின்மேல் எனக்கு இருந்த கோபத்தை நாளின்மேலும் கிழமையின்மேலும் காட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆட்டைத் தூக்குவதற்கு முன்னாலும் பிறகும் அந்த ஊருக்கு எந்தக் கிழமை போனேன் தெரியுமா, எல்லா வெள்ளிக்கிழமையும். அதை மேலே எழுத மறந்துவிட்டேன். ஒன்றரை வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் நின்றவன் என்பதால்தான் கிணற்றில் இறங்க என்னை விட்டார்களோ என்னவோ. வழிப்போக்கன் ஒருவனை அவர்கள் கிணற்றில் இறங்க விட்டிருக்க மாட்டார்கள்.

படிவத்தை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

—

பழைய நர்ஸ்:

படிவத்தை நானும் மன்னிக்கவில்லை. எங்களுக்கும் இருந்தது, மூன்று நகல்.

தம்பி, அந்த ஜார்க்கண்ட் பெண் எப்படி இருக்கிறாள்? யாரும் கேட்கவில்லையே.

—

லத்தேரி தம்பி:

அம்மா, வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது தமிழில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கக் கற்றுக்கொண்டான், எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. போவதற்கு முன்னால் அண்ணனோடு டயர் கடை வாசலில் நின்று பேசினேன். சண்டை இல்லை. அக்கா கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன், மற்ற இரண்டு பேர் என்ன செய்தோம் என்று. அவர் ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம், "எனக்கு நாலு பேரும் கூட இருந்தா ஒரு தைரியம்டா" என்றார். அவர் அப்படிச் சொல்லுவார் என்று நான் நினைக்கவே இல்லை, அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடைசியில், ஒரு பைக் கிழமைக்கு, ஒரு பைக் போனுக்கு என்று பேசி முடித்தோம். எந்த வாரம் யார் எந்த பைக் என்பது மாறிக்கொண்டே இருக்கும். நானும் போன் பைக்கில் உட்காரவேண்டும் என்பது அவருடைய கண்டிஷன். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கமிட்டி ரிப்போர்ட்டில் போன் பைக் போன இடத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, ஜங்ஷன் பிரதர் யோசனை சொன்னால் நல்லது.

நேற்று நான் கிழமை பைக். ஆறரைக்கு மரத்தடிக்குப் போனோம், ஐந்து பேர் இருந்தார்கள். ஆயா வரவில்லை. கூட்டம் முடிந்து அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தார், தலை தூக்கவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. பேரன் வந்து என் மொபைலில் கேம் இருக்கிறதா என்று கேட்டான். எழுந்து கிளம்பும்போது ஆயா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த வடக்கத்திப் பொண்ணு பொழச்சிக்கிச்சா?"

பிழைத்துக்கொண்டாள் என்றேன்.

"அடுத்த செவ்வாய்க்கிழம வரமுடியலன்னா, எதிர்வீட்டுப் பையன்கிட்ட போன் கீது. அவனுக்குப் போட்டுச் சொல்லு" என்று நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.